இரண்டாவது டேங்க்

எண்பத்தொன்பது மாடல் அம்பாசிடர், டீசல்.
கழுதை மாதிரி, காகிதம் போட்டாலும் செரிக்கும்.
புது வண்டிக்கு இதை ஊற்றினால்
அன்றைக்கே படுத்துவிடும் என்றான் இருளப்பன்.
செல்லம் கொடுத்து வளர்த்த பிள்ளைகளாம் அவை.

டிக்கியில் இருபது லிட்டர் கேன்.
ரேடியேட்டர் குழாயைச் சுற்றிச் சுற்றி
ஒரு செம்புக் குழல்;
அந்தச் சூட்டில்தான் எண்ணெய் இளகி ஓடும்.
கால்மாட்டில் மஞ்சள் பிடி வைத்த ஒரு திருகு,
யார் வீட்டு அடுப்பில் இருந்ததோ.
டீசலில் கிளப்பணும்.
திருப்புல்லாணி வளைவில் எண்ணெய்க்குத் திருப்பணும்.
நிறுத்துமுன் மறுபடி டீசல்.

ஒருதடவை மறந்தேன்.
மார்கழி, அதிகாலை மூன்று மணி,
மதுரைக்குப் போய் விமானம் ஏறவேண்டிய துபாய் சவாரி.
குழாய்க்குள் பாமாயில் நெய்யாய் உறைந்து கிடக்க
அந்த மனிதரின் பெட்டிகளை
இன்னொருவன் வண்டியில்
நானே தூக்கி வைத்தேன்.

எண்ணெய் மைமூன் சரீபாவுடையது.
கீழக்கரை கிழக்குத் தெரு முக்கில்
இறால் வாடா போடுகிறவர்.
மூன்றாம் நாள் சட்டி கருத்ததும்
"கொண்டு போ ஒன் கழுதைக்கு" என்பார்.
அடியில் இறால் மீசை, வெங்காயக் கரி,
எதுவென்று தெரியாத ஒரு பொடி.
பழைய கைலியை நாலாய் மடித்து வடிகட்டி
பிறகு காய்ச்சணும்;
சடசடப்பு நின்று
எண்ணெய் வாயை மூடும்வரை காய்ச்சணும்.
ஒரு சொட்டுத் தண்ணீர் மிஞ்சினாலும்
பம்ப் காலி.

புகை கருப்பாக வராது.
மணக்கும்.

ஷஃபான் வரைக்கும் அது வேடிக்கை.
"வாடா வண்டி வருது" என்று
பள்ளிக்கூடப் பிள்ளைகள் கத்தும்.
நோன்பு பிறந்ததும் கதை மாறியது.
அஸருக்குப் பிறகு
ஏர்வாடிக்கு ஆள் இறக்கிவிட்டுத் திரும்பினால்
தெரு முழுக்க எச்சில் விழுங்குகிறது.
பால்கனியில் ஓதிக்கொண்டிருந்த ஒரு அம்மா
கிதாபை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.
அந்தப் பார்வைக்கு நான் பிரேக் போட்டேன்.

ஜமாஅத் செயலாளர் காஜா நஜிமுதீன்
சத்தமில்லாமல் கூப்பிட்டுச் சொன்னார்:
"வாசத்துக்கு நோன்பு முறியாது தம்பி, சட்டம் தெரியும்.
மனசு முறியுது."

நானும் நோன்பாளிதான்.
புகை பின்னால்தானே போகிறது என்பது
ஏசி வண்டிக்காரன் பேச்சு.
நம்ம ஊர்க் கடல்காற்று
அதைச் சுருட்டி எடுத்து வந்து
என் மூக்கிலேயே திருப்பிக் கொடுக்கும்.
நாலு மணி வெயிலில்
ஸ்டியரிங்கைப் பிடித்தபடி
எத்தனை இறால் தின்றிருப்பேன், அல்லாஹ் அறிவான்.

அதனால் அந்த மாதம் பகலெல்லாம் டீசல்.
நோட்டில் இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு;
வலப்பக்கம் இரண்டு தாள் முந்திக்கொண்டு ஓடியது.

இருபத்து மூன்றாம் நோன்பு.
ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் ஒருவரை இறக்கிவிட்டு வருகிறேன்.
திருப்புல்லாணி வளைவு,
உப்புக்காற்று, கருவேலங்காடு,
எந்தப் பள்ளியிலிருந்தோ பாங்கு.
வண்டியை ஓரங்கட்டவில்லை.
ஒரு கையில் பேரீச்சம்பழம்,
முழங்கையால் ஸ்டியரிங்,
குனிந்து மஞ்சள் பிடியைத் திருகினேன்.
இரண்டு நிமிடம் டீசல்தான் குடித்தது.
பிறகு ஒரு சின்னச் செருமல்,
குரல் தாழ்ந்து
கழுதையும் நோன்பு திறந்தது.

ஊருக்குள் நுழைந்தபோது
எல்லார் வாயிலும் கஞ்சி.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
காது கிழிந்த நாய் ஒன்றுமட்டும்
டிக்கியை மோந்தபடி வீடுவரை ஓடி வந்தது.

பெருநாள் கழிந்த மறுநாள்
மைமூன் சரீபா கேனைக் கொடுக்காமல்
இடுப்பிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்:
"இனிமே லிட்டருக்கு இருபது ரூவா.
சோப்புக் கம்பெனிக்காரன் வந்துட்டுப் போனான்."